வகுப்பு நடந்தது, பலன் என்ன?
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மாலை வகுப்பு சிறப்புற நடந்தேறியது" என்று சென்ற ஆண்டறிக்கையில் எழுதினோம். எழுதியது கிராணியின் கை. ஆகையால் கூச்சத்தோடு சொல்கிறோம். பால்மரம் வெட்டும் ஒரு தாய் எழுந்து, "என் மகன் இன்னும் எழுத்துக்கூட்டித்தானே வாசிக்கிறான், எது சிறப்பு?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. எத்தனை நாள் வகுப்பு, எத்தனை வெள்ளி செலவு என்ற கணக்கு இருந்தது. சேரும்போது பிள்ளைக்கு என்ன தெரியும், முடிவில் என்ன தெரிந்தது என்ற கணக்கு இல்லை.

இந்த நாட்டிலேயே இதைச் சரியாகச் செய்தவர் உண்டு. நம் முன்னோர் காய்ச்சலில் மடிந்த காலம் அது. 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நிலத்தின் நீரை வடிக்கச் செய்தார். அவ்வாண்டு அவ்விரு ஊர்களிலும் காய்ச்சலால் இறந்தோர் 368. மறு ஆண்டு 59. அதோடு அவர் நிற்கவில்லை. வேலை நடவாத சுற்றுப்புறத்தையும் எண்ணினார்: அங்கே 266, மறு ஆண்டு 227. அந்த இரண்டாவது எண்ணிக்கை இல்லையேல், "அந்த வருஷம் காய்ச்சலே குறைவு" என்று யாரும் தட்டிக் கழித்திருக்கலாம். பின்னர் மலைத் தோட்டங்களில், காட்டை அழித்து வெயில் பட்ட ஓடைகளில் வேறு இனக் கொசு பெருகிற்று. கிள்ளானில் பலித்த முறை அங்கே பலிக்கவில்லை. பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கத்தைத் தோட்டம் தோட்டமாகப் பார்த்துத்தான் அது தெரிந்தது. தோற்ற இடத்தையும் எழுதி வைத்தாரே, அதுதான் நமக்கு வேண்டியது!

ஆகவே, இம்முறை வகுப்பு தொடங்குமுன் பெற்றோரைக் கேட்போம்: பிள்ளைக்கு என்ன வரவேண்டும்? முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அதே அளவு கடினமான வேறு பக்கம். வாசிக்கக் கேட்பவர் வகுப்பு ஆசிரியராக இருக்கக்கூடாது. தான் கொண்டுவந்த பாலைத் தானே நிறுத்துக் கணக்கெழுத எந்தத் தோட்டத்தில் விடுகிறார்கள்? பாதியில் நின்ற பிள்ளையின் வீட்டுக்கும் போகவேண்டும். வந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு அழகாகத்தான் இருக்கும். முடிவு, செயலவை பணம் ஒதுக்குமுன் மேசைக்கு வரவேண்டும். ஒதுக்கிய பின் வந்தால் அலமாரிக்குத்தான் போகும்.

பலன் இல்லையென்று தெரிந்தால் வகுப்பை மூடிவிடுவார்களோ என்று ஆசிரியர் அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமே. மூடுவதற்கு முன் மாற்றிப் பார்ப்பது என்று செயலவை இன்றே தீர்மானிக்கவேண்டும். இல்லாவிட்டால் உண்மைக் கணக்கு நம் கைக்கு வராது.

கேள்வி கேட்ட அந்தத் தாயைக் கணக்கெடுக்கும் குழுவில் சேர்த்திருக்கிறோம். மரத்துக்குப் போகும் நேரத்தில் கூட்டம் வைத்தால் வரமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.