கல்தச்சரின் குடிசை



ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் குரோமார்ட்டி என்னும் சிறு துறைமுகப் பட்டினம் உள்ளது. அங்கே, கூரை வேய்ந்த பழைய குடில் ஒன்று அருங்காட்சியகமாகப் போற்றப்படுகின்றது. 1802-இல் ஹியூ மில்லர் பிறந்த இல்லம் அது. ஐந்து வயதில் தந்தையைக் கடலுக்குப் பறிகொடுத்த அவர், 17 வயதில் கல்தச்சுத் தொழில் பயிலச் சென்றார். பின்னர், பிளந்த பாறைகளிலே பண்டை மீன்களின் சுவடுகளைக் கண்டு ஆராய்ந்து, 1841-இல் 'பழைய செம்மணற்கல்' என்னும் நூலைத் தந்தார். அறிஞருலகம் அவரை மதித்தது.

நம் முன்னோரும் கல்லுடைத்தனர், ஏரி வெட்டினர். ஆயின், மில்லருக்குத் திறந்திருந்த ஊர்ப் பள்ளியின் கதவு நம் பாட்டனாருக்கு மூடியிருந்தது. அவர்தம் உளியும் மண்வெட்டியும் இன்று எங்கே? இழிவின் சின்னமென வெட்கி, பழைய இரும்புக்கு விற்றுவிட்டோம். இக்குற்றம் நம்முடையதே. இழிவு உழைப்பில் இல்லை. உழைத்தவனைத் தள்ளிவைத்த வழக்கத்திலேயே உள்ளது.

இவ்வெள்ளிவிழா ஆண்டில் நம் சங்கத்தில் ஓர் அறையை ஒதுக்குவோம். வீட்டுக்கு ஒரு பொருள் கொணர்வோம். அதன் கதையை முதியோரிடம் கேட்டு இளைஞர்கள் எழுதிவைக்கட்டும். நாம் எழுதாவிடில், நம் வரலாற்றைப் பிறர் எழுதுவர். அன்றேல் எவருமே எழுதார்.