நேரசூசியில் வீட்டு வேலைக்கும் இடம் வேண்டும்

(உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவியருக்கான கருத்தமர்வில் ஆற்றிய உரை)



1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது நாங்கள் ஆண்டு பத்து மாணவிகள். பிறகு அக்கராயன், மல்லாவி என்று கொட்டிலிலும் மரநிழலிலும் படித்து, 2000ஆம் ஆண்டில் உயர்தரப் பரீட்சை எழுதினோம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஒரு குப்பி விளக்கைச் சுற்றி நாலு பேர் இருப்போம். எண்ணெய் முடிந்தால் படிப்பும் முடிந்தது. அதனால் விளக்கைக் கொளுத்துமுன்பே அன்றிரவு எதைப் படிப்பது என்று தீர்மானித்துவிடுவோம். வாசிப்பதைப் பகல் வெளிச்சத்துக்கும், பாடமாக்கியதை ஒருவரையொருவர் கேட்பதை இருட்டுக்கும் ஒதுக்கினோம்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்களோடு படித்தவர்களில் எங்கள் எல்லோரிலும் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். தகப்பன் இல்லை, தாய் கூலி வேலைக்குப் போவார். தண்ணீர் அள்ளுவது, சமைப்பது, தம்பி தங்கையைப் பார்ப்பது எல்லாம் அவள் தலையில். நாங்கள் சேர்ந்து எழுதிய நேரசூசியிலோ பின்னேரம் இரண்டு முதல் ஆறு மணிவரை படிப்பு என்று இருந்தது. அவளால் ஒருநாளும் அதைக் கடைப்பிடிக்க முடியவில்லை. இழந்த நேரத்தை நித்திரையிலிருந்து எடுத்தாள். பரீட்சை மண்டபத்தில் தெரிந்த விடையும் அவளுக்கு வரவில்லை. மருத்துவ பீடம் கிடைக்கவில்லை. பிழை அவளிடம் அல்ல, எங்கள் நேரசூசியில்தான் இருந்தது என்பது, எங்களில் சிலர் வைத்தியம் படித்த பின்புதான் விளங்கியது.

பகலில் படித்ததை மூளை நிலையான ஞாபகமாக்குவதில் நித்திரைக்குப் பெரிய பங்குண்டு. உங்கள் வயதுக்கு எட்டு மணித்தியாலம் நல்லது; ஏழுக்குக் கீழே இறங்க வேண்டாம். ஆகவே நேரசூசியைப் பாடத்தில் தொடங்காதீர்கள். முதலில் நித்திரையை எழுதுங்கள். பிறகு பாடசாலை, பயணம், வீட்டு வேலை. மிச்சம்தான் படிப்பு. பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. தருமபுரத்திலிருந்து பஸ்ஸில் வருபவளுக்கும் வாசலுக்கு எதிரே வீடுள்ளவளுக்கும் ஒரே நேரசூசி பொருந்தாது.

நாலு மணித்தியாலம் மிஞ்சினால், பாடத்துக்கு ஒன்றாக மூன்று. பௌதிகவியல் கணக்குகளைத் தலை தெளிந்திருக்கும் விடியலில் செய்யுங்கள். இரசாயனவியலில் அன்று படிப்பித்ததை அன்றே செய்துபாருங்கள். உயிரியலைப் புத்தகத்தை மூடிவைத்து, படம் கீறிப் பெயரிட்டுப் படியுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பது, தெரிந்ததுபோன்ற மயக்கத்தையே தரும். படித்ததை அடுத்த நாள், அடுத்த கிழமை, அடுத்த மாதம் மீட்டுங்கள். மறதி தொடக்கத்திலேயே வேகமாக நடப்பதை எபிங்ஹாஸ் என்ற ஜேர்மனியர் தம்மைத்தாமே சோதித்து 1885இல் எழுதினார்.

நாலாவது மணித்தியாலம் கடந்தகால வினாத்தாளுக்கு. பல்தேர்வில் 50 வினா, இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். மணிக்கூட்டை முன்னால் வைத்து 25 வினா செய்யுங்கள். பிழைத்தவற்றை ஒரு கொப்பியில் எழுதி, ஞாயிறு காலையில் அதை மட்டும் பாருங்கள். கிழமையில் ஒரு பின்னேரத்தை வெறுமையாக விடுங்கள். காய்ச்சல், செத்தவீடு, வற்றாப்பளைப் பொங்கல் எல்லாம் வரும். தவறியதை அந்தப் பின்னேரத்தில் பிடிக்கலாம்.

ரியூசனில் இருப்பது கேட்பது மட்டுமே. ஒரு மணித்தியாலம் கேட்டால் ஒரு மணித்தியாலம் தனியே இருந்து செய்ய வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் ஒரு வகுப்பைக் குறையுங்கள். மாவட்ட ஒதுக்கீடு எங்கள் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் போனபின் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பரீட்சை ஆண்டில் தண்ணீர்க் குடத்தை மகன்மாரும் தூக்கட்டும். மகளுக்கு நாளில் ஒரு மணித்தியாலம் மிஞ்சினாலும் ஆண்டில் முந்நூறுக்கு மேல் சேரும்.

கடல்கடந்து வாழும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டலாம் என்கிறார்கள். நாங்கள் கேட்பது, பாடசாலை விட்டபின் நாலரை மணிவரை திறந்திருக்கும் ஒரு படிப்பு மண்டபம், மதியச் சாப்பாடு, பொறுப்பாக ஓர் ஆசிரியை. வீட்டு வேலை காத்திருக்கும் பிள்ளைக்கு, வீட்டுக்குப் போகுமுன்பே மூன்று மணித்தியாலம் கிடைத்துவிடும். முதலாம் ஆண்டுச் செலவை எங்கள் ஆண்டு மாணவியர் ஏற்றுக்கொள்கிறோம். இரண்டாம் ஆண்டை யார் எடுப்பீர்கள்?