பிள்ளை நாக்குக்கு ஒரு வக்கீல்

(தலைப்பு: பிள்ளைகளுக்கு இனிப்பது அன்றைய மிட்டாயா? இன்றைய மிட்டாயா? கடலூர் முதுநகர் மேடையில், ‘இன்றைய மிட்டாயே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியிலே உட்கார்ந்துகொண்டு எனக்கு நிறைய வேலை வைத்திருக்கிற நண்பர்களே!

எதிரணித் தலைவர் பேசும்போது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கமர்கட் என்றார், கண் கலங்கியது. தேன் மிட்டாய் என்றார், தொண்டை அடைத்தது. சவ்வு மிட்டாயிலே கையில கடிகாரம் கட்டிவிட்ட கதைக்கு வந்தார் பாருங்க, மனுஷனுக்குப் பேச்சே வரல. ஐயா, நீங்க அழுதது மிட்டாய்க்காகவா? போன வயசுக்காக அழுதீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

தலைப்பை இன்னொரு தடவை படிங்க. பெரியவங்களுக்கு இனித்தது எது என்றா போட்டிருக்கிறார்கள்? ‘பிள்ளைகளுக்கு’ என்று போட்டிருக்கிறார்கள்.

அடுத்து வந்த சகோதரி என்ன சொன்னார்? “மாங்காயிலே ஒரு மிட்டாயாம், அதுக்குள்ளே உப்புப் பொடியாம், காபியிலே ஒரு மிட்டாயாம். இதெல்லாம் நம்ம மண்ணோட சுவையா?” என்று கேட்டார். அம்மா, எந்த ஊரிலே நின்றுகொண்டு இதைக் கேட்கிறீங்க? இங்கிருந்து பஸ் ஏறினால் நெல்லிக்குப்பம். 1842-லேயே அங்கே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. பாரி கம்பெனி ஆலை. அந்தப் பாரி யார்? தாமஸ் பாரி. வேல்ஸ் நாட்டுக்காரர், 1788-இல் சென்னைக்கு வந்தவர். சென்னைப் பாரிமுனை அவர் பெயரிலேதான் இருக்கிறது. 1824-இல் பக்கத்துப் பரங்கிப்பேட்டையிலே காலராவில் இறந்தார். நம்ம கடலூர் கிறிஸ்து ஆலயத்திலேதான் அடக்கம் செய்தார்கள்.

அந்தக் கம்பெனி 1914-இல் மிட்டாய்த் தொழிலிலும் இறங்கியது. நெல்லிக்குப்பத்திலே மிட்டாய் ஆலையும் நடத்தினார்கள். லாக்டோ கிங் அவங்க சரக்கு. காபி பைட் அவங்க சரக்கு. ‘இது காபியா, டாஃபியா’ என்று சண்டை போட்டுக்கொள்கிற விளம்பரம் ஞாபகம் இருக்கா? பட்டிமன்றத்தையே மிட்டாய்க் காகிதத்திலே சுற்றி விற்றவர்கள் இந்த மாவட்டத்துக்காரர்கள்! (பலத்த கைதட்டல்) 2004-இல் கொரியாவின் லோட்டே கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. சகோதரி வெளியூர்ச் சுவை என்று சொன்னது நம்ம பக்கத்து ஊர்ச் சுவை.

சரி, பழசு பழசு என்கிறீர்களே, எது பழசு? கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்த நிலக்கடலை தென் அமெரிக்காவிலே பிறந்தது. கப்பல் ஏறி வந்தது. அட, கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானுடைய முன்னோர்கள்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றிலே ஔவையார் பாடுகிறார். ஆக, கரும்பே ஒருநாள் புதுசா வந்து இறங்கியதுதான். அன்றைக்கு எதிரணித் தலைவர் இருந்திருந்தால், ‘தேன் இருக்க இந்தக் குச்சி எதுக்கு?’ என்று கேட்டிருப்பார். (சிரிப்பு)

உப்பும் புளிப்பும் மிட்டாயிலே சேரலாமா என்று முகம் சுளிக்கிறீர்கள். சிதம்பரத்துக்கு வாங்க. ஆருத்ரா தரிசனத்தன்று வீட்டுக்கு வீடு களி கிண்டுவார்கள். சேந்தனார் அன்போடு கொடுத்த களியை நடராசப் பெருமான் ஏற்றார் என்பது வரலாறு. அந்த இனிப்புக் களிக்குத் தொட்டுக்கொள்ள என்ன வைக்கிறோம்? புளிப்பும் காரமுமா ஏழுகறிக் கூட்டு! ஒரு வாய் இனிப்பு, ஒரு வாய் புளிப்பு. 2015-இல் பல்ஸ் என்று ஒரு மாங்காய் மிட்டாய் ஒரு ரூபாய்க்கு வந்தது. மேலே இனிப்பு, நடுவிலே உப்பும் புளிப்புமாய்ப் பொடி. எட்டே மாதத்திலே நூறு கோடி ரூபாய்க்கு விற்றது. களியும் கூட்டும் ஒரே உருண்டைக்குள் போனால் விற்காதா பின்னே?

இன்னொன்று. பிள்ளை நாக்கு வேற, நம்ம நாக்கு வேற. 2003-இல் அமெரிக்காவிலே ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் புளிப்பு ஏற்றி ஏற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே, இருப்பதிலேயே கடுமையாகப் புளித்ததுதான் வேண்டும் என்றார்கள். அம்மாக்களில் அநேகமா ஒருத்தருக்கும் அது பிடிக்கல. ‘சீ, இதைப் போய் எப்படித் திங்கிற?’ என்று நாம் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு இதுதான் பதில். அவனுக்கு நிஜமாகவே இனிக்கிறது.

இப்போ பஞ்சு மிட்டாய். எதிரணியின் பிரம்மாஸ்திரம். அதைக் கண்டுபிடித்தவர்களிலே ஒருத்தர் யார் தெரியுமா? வில்லியம் மாரிசன், அமெரிக்கப் பல் டாக்டர்! 1897-இல் மிட்டாய் தயாரிப்பவர் ஒருவரோடு சேர்ந்து அந்த இயந்திரத்தைச் செய்தார். தன் தொழிலுக்கு ஆள் சேர்த்தவர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். (சிரிப்பு) சிரிப்பு போகட்டும். கடற்கரையிலே கோலிலே கட்டிக்கொண்டு வருவானே, அந்த ரோஸ் நிறத்திலே துணிக்குப் போடுகிற ரோடமின்-பி சாயம் இருக்கிறது என்று சோதனையிலே தெரிந்தது. 2024 பிப்ரவரியிலே முதலில் பக்கத்துப் புதுச்சேரி தடை போட்டது. அதே மாதம் 17-ஆம் தேதி தமிழ்நாடும் தடை போட்டது. சர்க்கரை மேலே குற்றமில்லை. சாயத்தின் மேலேதான் குற்றம். தெருத்தெருவாக நடந்து விற்ற அந்தப் பையனுக்குப் பொடி டப்பாவிலே என்ன இருக்கிறது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தடைச் செய்தி வந்த மறுநாள் அவன் என்ன சாப்பிட்டிருப்பான்? இதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கல. ஆனாலும் என் பேத்தி கையிலே அந்த ரோஸ் பஞ்சைக் கொடுக்க மாட்டேன். ‘நாங்கள் சாப்பிட்டோம், என்ன கெட்டுப்போனோம்’ என்று எதிரணி சொல்லும். சாயத்துக்கு உங்கள் மலரும் நினைவு தெரியாதுங்க. இன்றைய மிட்டாய்க் காகிதத்திலே உள்ளே என்ன இருக்கிறது என்று பொடி எழுத்திலாவது அச்சடித்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டாவது படிக்கலாம். பல் சொத்தையிலே மட்டும் பழசு புதுசு இரண்டும் ஒரே கட்சி. அதிலே எனக்கு வாதம் இல்லை.

இந்த வீட்டிலே ஒரு பிள்ளை தானாக முடிவு செய்வது எதை, சொல்லுங்க. சட்டை நாம் எடுக்கிறோம். பள்ளிக்கூடம் நாம் சேர்க்கிறோம். டியூஷன் நாம் வைக்கிறோம். பேர்கூட நாம்தான் வைத்தோம், அவனைக் கேட்கல! ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு பெட்டிக்கடை ஜாடிகளுக்கு முன்னாலே நிற்கிறான் பாருங்க, மாங்காயா, காபியா, தேங்காயா என்று, அந்த ஒரு நிமிஷம்தான் அவனுடையது. அங்கேயும் போய் நின்று, ‘கமர்கட் வாங்குடா, அதுதான் நல்ல மிட்டாய்’ என்று சொல்லணுமா? (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள். முன்வரிசையிலே பிள்ளைகள் தரையிலே உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேர் இப்பவே வாயிலே எதையோ அடக்கிக்கொண்டுதான் கேட்கிறார்கள். தீர்ப்பு எழுதுவதற்கு முன்னாலே, அது என்ன மிட்டாய் என்று அவர்களையே கூப்பிட்டுக் கேளுங்க.