நிற்க வைத்தவன் பதில் சொல்ல வேண்டும்

(குந்தா வட்டார வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை ஏழரை மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினேன். பனி விலகவில்லை. ஒரு கடையில் பதினெட்டு வயதுத் தம்பி ஒருவன் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். இஷா முடிந்து இந்தக் கூட்டத்துக்கு வரும்போது பார்க்கிறேன், அதே தம்பி அதே கடையில் நிற்கிறான். "இன்றைக்கு எப்போதப்பா உட்கார்ந்தாய்?" என்று கேட்டேன். "சோறு தின்னும்போது உட்கார்ந்தேன் ஹஜ்ரத்" என்றான்.

எந்தக் கடை என்று கேட்காதீர்கள், நான் சொல்லப்போவதில்லை. நம்மில் யாருடைய கடையாகவும் இருக்கலாம். அதுதான் எனக்குக் கவலை.

ஊழியர் நலன் என்று சொன்னால், அது பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களின் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். இரண்டு பையன்களை வைத்து மளிகைக் கடை நடத்துகிறவனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கிறோம். சகோதரர்களே! உங்கள் கடையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர்களுக்காக 1951-லேயே தனிச்சட்டம் வந்தது. குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், வீடு எல்லாம் நிர்வாகத்தின் கடமை என்றது அந்தச் சட்டம். 150 தொழிலாளர் இருந்தால் உணவகம், 50 பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் என்று விதி வைத்தது. எல்லாத் தோட்டத்திலும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் கொழுந்து பறிக்கிற அந்தத் தாய்க்கு, கேட்பதற்கு ஒரு உரிமை இருந்தது, கேட்க ஒரு சங்கம் இருந்தது. அவளுக்கு அரிசி நிறுத்துக் கொடுக்கிற நம் கடைப் பையனுக்கு என்ன இருக்கிறது?

கோழிக்கோட்டில் நடந்தது

மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோடு. அங்கே மிட்டாய்த் தெரு பெயர் பெற்ற கடைவீதி, நம் சமுதாய வணிகர்களும் நிறைந்த இடம். அங்கு ஜவுளிக் கடைகளில் வேலை செய்த பெண்கள் நாள் முழுக்க நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது. பல கடைகளில் கழிப்பிடமே கிடையாது. அந்தப் பெண்கள் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் அவர்களைத் திரட்டினார். முதலில் கழிப்பிடத்துக்காகப் போராடினார்கள், பிறகு உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். கடைசியில் 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாடு 2021-ல் அதே வழியில் வந்தது. 1947-ம் வருடத்திய கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சட்டமன்றம் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த 1947 சட்டத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது தெரியுமா? நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை, அதற்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. நாடு சுதந்திரம் அடைந்த வருடத்துச் சட்டம் இது. காலை ஏழரை முதல் இரவு ஒன்பது வரை என்று நம் கடைகளில் நடப்பது எந்தச் சட்டம்?

நின்ற காலின் கதை

மதரஸாவில் ஓதி முடித்த புதிதில், குடும்பக் கஷ்டத்துக்காகச் சமவெளியில் ஒரு ஜவுளிக் கடையில் சில காலம் வேலை பார்த்தேன். முதலாளி நல்ல மனிதர். ஜகாத் கணக்குப் பார்த்துக் கொடுப்பார். ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு வாரி வழங்குவார். ஆனால் அந்தக் கடையில் விற்பனையாளருக்கு ஒரு ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம்!

என்னோடு நின்ற ஒரு சகோதரர் இருபது வருடத்துக்கு மேல் அதே தொழிலில் நின்றார். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் தசைக்கு அந்த வேலை இல்லை, இரத்தம் காலிலேயே தேங்குகிறது. நாளடைவில் நாளங்கள் புடைத்துச் சுருண்டுவிடுகின்றன. நரம்புச் சுருட்டல் என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான். அவருக்கு அது புண்ணாகி ஆறவே இல்லை.

போன ரமளானில் அவரைப் பள்ளிவாசலில் பார்த்தேன். ஓரத்தில் நாற்காலி போட்டு, உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தார். படைத்தவன் முன் நிற்க வேண்டிய கால்களை முதலாளியின் கல்லாவுக்கு முன்னால் நிற்க வைத்தே தேய்த்துவிட்டார்கள்! அன்று ஒரு ஸ்டூல் கொடுத்திருந்தால் இன்று அந்த நாற்காலி தேவைப்பட்டிருக்குமா?

மார்க்கம் என்ன சொல்கிறது?

அபூதர் (ரலி) அவர்கள் ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி ஏசிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை அறியாமைக் காலத்துக் குணம் என்று கண்டித்தார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்று கட்டளையிட்டார்கள். பிற்காலத்தில் அபூதர் (ரலி) அவர்களும் அவர்களுடைய ஊழியரும் ஒரே மாதிரி ஆடையில் இருந்ததைக் கண்டவர் காரணம் கேட்டபோதுதான் இந்தச் சம்பவத்தைச் சொன்னார்கள். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது.

பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒருமுறைகூட "சீ" என்று சொன்னதில்லை. நம் கடைகளில் வாடிக்கையாளர் முன்னிலையில் பையனை எத்தனை தடவை 'சீ' என்கிறோம்? ஊழியரின் நலன் உடம்போடு முடிவதில்லை. அவனுக்கும் மனம் இருக்கிறது.

ஊழியர் முஸ்லிமாக இருந்தால்தான் இதெல்லாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். படுகர் வீட்டுப் பிள்ளை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை, ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளி, எல்லோருக்கும் கடமை ஒன்றுதான். ஜும்ஆவுக்கு நாம் குளித்து அத்தர் பூசிக்கொண்டு போகிறோம். கடையைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பையன் சாப்பிட்டானா என்று கேட்டோமா?

"வியாபாரமே இல்லையே!"

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாவிட்டால் இந்த மலையில் எந்தக் கடையிலும் விற்பனை இல்லை. உண்மைதான். ஆனால் நான் கேட்பதில் பணம் செலவாகிற காரியம் எத்தனை? இரண்டு ஸ்டூல். குடிக்க வெந்நீர். மழைக்கு ஒரு நல்ல கோட்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை பெய்கிற நாட்டில் பையனைச் சாக்குப் பையை மாட்டிக்கொண்டு மூட்டை இறக்கச் சொல்லலாமா? நல்ல பையன்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் ஓடிவிடுகிறார்கள் என்று புலம்புகிறோம். அவர்கள் ஏன் இங்கே தங்க வேண்டும் என்று யோசித்தோமா?

இன்னொன்றை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். கடைப் பரணில் பையன்கள் படுத்துக்கொள்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. குளிருக்குக் கரி அடுப்பைப் பற்றவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான். நீலகிரியில் இப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன. நல்ல கம்பளி கொடுங்கள், அடுப்பை அறைக்கு வெளியே வையுங்கள்.

இன்றே தொடங்குவோம்

ஐந்து காரியங்கள் சொல்கிறேன். ஒன்று, ஒவ்வொரு ஊழியருக்கும் இருக்கை. இரண்டு, மதியம் முழுசாக ஒரு மணி நேர ஓய்வு. மூன்று, வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை. முறை வைத்து விட்டால் கடையை மூட வேண்டியதில்லை. நான்கு, கழிப்பிடம். தனித்தனியாக முடியாவிட்டால் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து கட்டுங்கள். ஐந்து, வருடம் ஒரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

இளைஞர்களே! உங்களுக்கும் வேலை உண்டு. 2021-ல் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் 16 முதல் 59 வயது வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர் யாரும் சேரலாம். கடை கடையாகப் போய் இந்த ஊர் ஊழியர்களைப் பதிவு செய்து கொடுங்கள்.

நாம் உரிமை கேட்டு மனுக் கொடுக்கிறோம், ஊர்வலம் போகிறோம், ஆட்சியாளர்களிடம் நீதி கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் நம் கடைக்குள் ஒருவன் நீதி கேட்க வாயில்லாமல் நிற்கும்போது, நாம் தெருவில் எழுப்பும் கோஷத்துக்கு என்ன மதிப்பு? ஊழியர் நமக்கு அமானிதம். மறுமையில் கல்லாவின் கணக்கோடு அவனுடைய கால்களின் கணக்கும் கேட்கப்படும்.

நாளைக் காலை ஷட்டரைத் தூக்கும்போது அந்தத் தம்பியிடம் ஒரு ஸ்டூலைக் காட்டி, "ஆள் இல்லாதபோது உட்காரப்பா" என்று சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.