நவம்பர் ஒன்பது!

(தொண்டர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

நாட்காட்டியிலே நாளொன்றுக்கு ஒரு தாள். காலையிலே கிழிக்கிறோம், கசக்கி எறிகிறோம். கிழிப்பதற்கு முன் பலர் அந்தத் தாளிலே தேடுவது என்ன? நல்ல நேரம் எது, இராகு காலம் எது, எமகண்டம் எது என்பதைத்தான்! அந்தத் தாளிலே அச்சேறாத செய்தி ஒன்று உண்டு. அதே நாளில், முந்தைய ஆண்டுகளில், மனிதன் என்ன செய்தான், மனிதனுக்கு என்ன செய்யப்பட்டது என்பதுதான் அந்தச் செய்தி. அதைத் தேடிப் படிப்பவர் சிலரே. அந்தச் சிலரிலே நீங்களும் இருக்க வேண்டும் என்ற ஆசையால், ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு உங்களிடம் பேச விழைகிறேன்.

நாடு ஜெர்மனி. நாள் நவம்பர் 9.

ஜெர்மானியர் இதனை ‘விதியின் நாள்’ என்கின்றனர். ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் அவர்கள் அப்படிச் சொல்வதிலே வியப்பில்லை. 1848, 1918, 1923, 1938, 1989. ஐந்து ஆண்டுகள், நாள் ஒன்றே! ஒரு நவம்பர் ஒன்பதிலே முடி சரிந்தது. இன்னொன்றிலே கோவில்கள் எரிந்தன. வேறொன்றிலே சுவர் விழுந்தது. பஞ்சாங்கம் பார்ப்பவர் இந்த நாளை நல்ல நாள் என்பாரா, கெட்ட நாள் என்பாரா? திணறிப் போவார்! நாம் திணறத் தேவையில்லை. காரணத்தைத் தேடுவோம், கோளையல்ல, மனிதனைப் பார்ப்போம்.

முதலில் 1848. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே பெர்லினிலும் வியன்னாவிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மன்னர்கள் நடுங்கினர். மே 18இல் பிராங்க்பர்ட் நகரத்துப் புனித பால் தேவாலயத்திலே, தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை கூடிற்று. அந்த அவையிலே அமர்ந்திருந்தார் ராபர்ட் புளூம். பீப்பாய் செய்யும் ஏழைத் தொழிலாளியின் மகன். வறுமை காரணமாகப் படிப்பைத் தொடர முடியாதவர். நாடகக் கொட்டகையிலே பணியாற்றிப் பிழைத்தவர். பேச்சாலும் எழுத்தாலும் மக்கள் மன்றத்துக்கு வந்தவர். அக்டோபரிலே வியன்னா மக்கள் மீண்டும் எழுந்தபோது, அவர்களுக்கு வாழ்த்துக் கூற அங்கே சென்றார். நகரைக் காக்கும் அணியிலும் நின்றார். விண்டிஷ்கிரேட்ஸ் என்னும் தளபதியின் படை நகரைப் பிடித்தது. புளூம் கைதானார். பேரவை உறுப்பினரைப் பேரவையின் ஒப்புதலின்றிக் கைது செய்யலாகாது என்று சட்டம் இருந்தது. இராணுவ நீதிமன்றம் அதனைத் தூக்கி எறிந்தது. நவம்பர் 9 காலையிலே சுட்டுக் கொன்றனர். மறுநாள் பிறந்திருந்தால் அவருக்கு வயது நாற்பத்தொன்று!

பேரவை கண்டனம் தெரிவித்தது. கண்டனம் மட்டுந்தான் தெரிவிக்க முடிந்தது! அவையிலே அறிஞர்கள் இருந்தனர், வழக்கறிஞர்கள் இருந்தனர், அழகான தீர்மானங்கள் இருந்தன. தீர்மானத்தை நிறைவேற்றும் வலிவு இல்லை. படை மன்னரிடம், கருவூலம் மன்னரிடம், சிறைச்சாலையின் சாவியும் மன்னரிடம். அடுத்த ஆண்டே அந்தப் பேரவை கலைந்தது. உரிமை ஏட்டிலே இருந்தால் போதாது, அதைக் காக்கும் ஆற்றல் மக்கள் கையிலே இருக்க வேண்டும் என்ற பாடத்தை, ஒரு தொழிலாளியின் மகன் தன் குருதியால் எழுதிச் சென்றான்.

எழுபது ஆண்டுகள் உருண்டோடின. இடையிலே நம் கதையும் கொஞ்சம் கலக்கிறது. ‘எம்டன்’ என்ற சொல்லை அறியாத தமிழர் உண்டா? 1914 செப்டம்பர் 22 இரவிலே சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசிக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் அது. அந்த எம்டன், கோகோஸ் தீவருகே ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் சிக்கிச் சிதைந்த நாள் எது தெரியுமா? 1914 நவம்பர் 9! கெய்சர் மன்னனின் கடற்படைக்கு ஏற்பட்ட அடி அது. அதே கடற்படையின் மாலுமிகளால், நான்கு ஆண்டுகள் கழித்து, அதே நாளில், கெய்சரின் அரியணையே கவிழ்ந்தது.

1918. போர் தோற்றுவிட்டது என்பது தெரிந்துவிட்ட பிறகும், கௌரவத்துக்காகக் கடைசிப் போர் ஒன்றை நடத்தக் கடற்படைத் தலைவர்கள் திட்டமிட்டனர். யாருடைய கௌரவம்? தளபதிகளுடையது. யாருடைய உயிர்? மாலுமிகளுடையது. ‘மாட்டோம்’ என்றனர் மாலுமிகள். கீல் துறைமுகத்திலே மூண்ட கிளர்ச்சி ஊர் ஊராகப் பரவியது. தொழிலாளர், போர்வீரர் மன்றங்கள் முளைத்தன. நவம்பர் 9இல் பெர்லின் தொழிலாளர் ஆலைகளை விட்டு வெளியேறி அணி வகுத்தனர். மன்னன் முடி துறந்தான் என்று முதலமைச்சர் அறிவித்தார். மறுநாள் மன்னன் ஹாலந்துக்கு ஓடினான். சில நாட்களிலே பெண்களுக்கு வாக்குரிமை. எட்டு மணி நேர வேலை. நூறாண்டுக் கனவுகள் ஒரு வாரத்திலே நனவாயின!

ஆனால், தோழர்களே, அந்த நாளிலேயே ஒரு விரிசலையும் காண்கிறோம். பிற்பகல் இரண்டு மணியளவிலே நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து சமூக ஜனநாயகக் கட்சியின் ஷைடமன் குடியரசை அறிவித்தார். இரண்டு மணி நேரம் கழிந்ததும், அரண்மனையிலிருந்து கார்ல் லீப்னெக்ட் இன்னொரு குடியரசை அறிவித்தார்; அது சுதந்திர சோஷலிசக் குடியரசு. ஒரே நகரம், ஒரே பிற்பகல், இரண்டு குடியரசுகள்! நேற்றுவரை ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள் எதிரெதிரே நின்றனர். இரண்டே மாதத்திலே, 1919 சனவரி 15இல், லீப்னெக்டும் ரோசா லக்சம்பர்க்கும் படையினரால் கொலை செய்யப்பட்டனர். அந்தக் குருதி இரு கட்சியினரிடையே ஆறாக ஓடிற்று. அதைத் தாண்டிக் கை குலுக்க எவராலும் இயலவில்லை.

விளைவு? 1932 நவம்பர் தேர்தலின் கணக்கைப் பாருங்கள். நாஜிகளுக்கு நூற்றுக்கு 33.1 வாக்கு. சமூக ஜனநாயகக் கட்சிக்கு 20.4, பொதுவுடைமைக் கட்சிக்கு 16.9. கூட்டிப் பாருங்கள், 37.3! பிரிந்திருந்த இருவரின் தொகை, வென்ற ஒருவனின் தொகையைவிடப் பெரிது. ஆனாலும் 1933 சனவரி 30இல் முதலமைச்சர் நாற்காலியிலே அமர்ந்தவன் இட்லர். அதன்பின் அந்த இரு கட்சியினரும் சந்தித்துக் கொண்டனர், எங்கே? சிறை முகாமிலே!

அந்த இட்லர் வளர்ந்த கதைக்கும் நவம்பர் ஒன்பதுக்கும் தொடர்பு உண்டு. இது தற்செயலன்று. போரிலே தோற்றது தளபதிகளால் அல்ல, குடியரசை அமைத்த ‘நவம்பர்க் குற்றவாளிகளால்’தான் என்ற பொய்யை ஊர் ஊராகப் பரப்பினான். பசியும் அவனுக்குத் துணை நின்றது. 1914இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க், 1923 நவம்பரிலே ஒரு டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க்! காலையிலே வாங்கிய கூலி மாலையிலே காகிதம். வயிறு எரியும்போது வாய்ச்சொல் வீரன் கடவுளாகத் தெரிகிறான். குடியரசு பிறந்த ஐந்தாவது ஆண்டு நிறைவின் முந்திய இரவிலே, மியூனிக் நகரத்து மதுக்கூடம் ஒன்றிலே துப்பாக்கியுடன் புகுந்து, ஆட்சியைக் கவிழ்த்துவிட்டதாக அறிவித்தான். 1923 நவம்பர் 9 நண்பகலிலே அவனும் அவனது கூட்டமும் நகரின் நடுவே அணிவகுத்து வந்தபோது காவலர்கள் தடுத்தனர். நான்கு காவலர்கள் கடமையின் களத்திலே மாண்டனர். கலகம் நொறுங்கிற்று. இட்லர் ஓடி ஒளிந்தான். இரண்டு நாளிலே பிடிபட்டான்.

கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. ஏன்? நீதிமன்றத்தைப் பாருங்கள். அரசைக் கவிழ்க்க முயன்றவனுக்கு, நான்கு காவலர் சாவுக்குக் காரணமானவனுக்கு, ஐந்தாண்டுச் சிறை. கூண்டிலே மணிக்கணக்கிலே பேச அனுமதி. அவன் குற்றவாளிக் கூண்டை மேடையாக்கிக் கொண்டான். ஆஸ்திரியாவிலே பிறந்த அயல்நாட்டான் ஆகையால் நாடு கடத்தியிருக்கலாம். மறுத்துவிட்டனர் நீதிபதிகள், அவனுடைய ‘தேசபக்தி’யை மெச்சி! தீர்ப்பு 1924 ஏப்ரல் 1. விடுதலை அதே ஆண்டு டிசம்பர் 20. சிறையிலே அவன் நூல் எழுதினான். வெளியே வந்து கட்சியைக் கட்டினான். பசித்த ஏழை ரொட்டி திருடினால் பாயும் சட்டம், மக்களாட்சியையே திருட வந்தவனைக் கண்டு பல்லிளித்தது. குடியரசை மனத்தால் வெறுத்தவர்களை நீதிபதி இருக்கையிலே அப்படியே விட்டுவைத்த குற்றத்துக்கு, குடியரசு தன் உயிரையே தண்டமாகக் கட்டிற்று.

இனி 1938. சொல்ல நா கூசும் நாள். சொல்லாமல் விடவும் கூடாத நாள்.

ஆட்சிக்கு வந்த நாஜிகள், தோற்றுப்போன அந்தக் கலகத்தின் நினைவைத் திருவிழாவாக ஆண்டுதோறும் கொண்டாடினர். அவ்விழாவுக்காகவே 1938 நவம்பர் 9 இரவிலே தலைவர்கள் மியூனிக்கில் கூடியிருந்தனர். பாரிசிலே யூத இளைஞன் ஒருவனால் இரண்டு நாள் முன்பு சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி அங்கே வந்தது. கோயபல்ஸ் எழுந்தான், பேசினான், தூண்டினான். தொலைபேசிகள் அலறின. விடிவதற்குள் நாடெங்கும் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் தீப்பற்றி எரிந்தன. எரிந்தும் இடிந்தும் போனவை 1,400க்கு மேல். நொறுக்கப்பட்ட கடைகள் ஏறத்தாழ 7,500. தெருவெல்லாம் கண்ணாடித் துண்டுகள். ஏறத்தாழ 30,000 யூத ஆடவர் டாக்கோ, புக்கன்வால்டு, சாக்சன்ஹவுசன் முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அரசு ஒப்புக்கொண்ட சாவு 91. உண்மையிலே மாண்டவர் அதனினும் மிகப் பலர். தீயணைப்புப் படை வந்ததா? வந்தது! பக்கத்து வீடுகளுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொள்ள வந்தது; எரிகிற தொழுகைக் கூடம் எரியட்டும் என்பது ஆணை. அடித்தவன் அபராதம் கட்டுவது உலக வழக்கு. அங்கே அடிபட்டவர்களுக்கு அபராதம்: நூறு கோடி மார்க்!

அந்த இரவிலே அண்டை வீட்டார் என்ன செய்தனர் என்று கேட்க வேண்டாமா? பலர் சன்னலைச் சாத்தினர். சிலர் வேடிக்கை பார்த்தனர். சிலர் கொள்ளையிலே பங்கு பெற்றனர். எல்லாரும் அப்படித்தானா? இல்லை. பெர்லினில் ஓரானியன்பர்கர் தெருவின் பெரிய தொழுகைக் கூடத்துக்குத் தீ வைத்தபோது, அந்த வட்டாரக் காவல் நிலையத்தார் தீ வைத்தவர்களை விரட்டினர். தீயணைப்புப் படையை அழைத்துத் தீயையும் அணைக்கச் செய்தனர். அந்த நிலையத்தின் தலைவர் வில்ஹெல்ம் குருட்ஸ்பெல்ட், பின்னர் மேலதிகாரி கேட்டபோது பொறுப்பைத் தாமே ஏற்றார். சட்டப் புத்தகத்திலே அப்போதும் இருந்த ஒரு விதியைக் கடைப்பிடித்த சாதாரண அலுவலர் அவர். வானத்திலிருந்து குதித்த வீரரல்லர். ஊருக்கு ஒருவர் அப்படி இருந்திருந்தால்? அந்தக் கேள்வியை இன்றுவரை அந்த நாடு தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஏனெனில் அந்த இரவின் மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டவர்கள், சில ஆண்டுகளிலே அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்று குவித்தனர்.

கடைசியாக 1989. போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாயிற்று, 1961 ஆகஸ்டு 13இல் பெர்லின் நடுவே தடுப்பு எழுந்தது, சுவராக வளர்ந்தது. தாண்ட முயன்றும், சுவரருகே சுடப்பட்டும் மாண்டவர் குறைந்தது 140 பேர். மக்களின் பெயரால் நடந்த ஆட்சி, மக்களையே அடைத்து வைத்தது! 1989 இலையுதிர் காலத்திலே லைப்சிக் நகரத்து மக்கள் திங்கள்தோறும் ஊர்வலம் வந்தனர். அக்டோபர் 9இல் வந்தவர் ஏறத்தாழ 70,000. கையிலே கல்லில்லை; மெழுகுவத்தி இருந்தது. சுடுவதற்குப் படை நின்றது, சுடவில்லை. அடுத்த மாதம் நவம்பர் 9 மாலையிலே, செய்தியாளர் கூட்டத்திலே ஷபோவ்ஸ்கி என்ற கட்சித் தலைவர் புதிய பயண விதியைப் படித்தார். எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்டனர். தாளைப் புரட்டிவிட்டு, தமக்குத் தெரிந்தவரை உடனே என்றார். மறுநாள் முதல், முறைப்படி விண்ணப்பித்த பிறகு என்பதே உண்மையான திட்டம். மக்கள் காத்திருக்கவில்லை, வாயில்களை நோக்கித் திரண்டனர். போர்ன்ஹோல்மர் தெரு வாயிலிலே பணியிலிருந்த அதிகாரி ஹரால்டு யேகர் மேலிடத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்தார். தெளிவான ஆணை வரவில்லை. இரவு பதினொன்றரை மணியளவிலே தடுப்பைத் திறக்கச் சொன்னார். இருபத்தெட்டு ஆண்டுச் சுவர், ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல், பொருளிழந்தது.

வாய் தவறிய ஒரு சொல்லால் சுவர் விழுந்தது என்பர் சிலர். ஏமாறாதீர்கள்! வாரக்கணக்கிலே அச்சத்தை உதறி வீதியிலே நடந்த கால்கள் இல்லாவிட்டால், அந்தச் சொல் மறுநாள் திருத்தம் பெற்று மறைந்திருக்கும். வாய்ப்பு வாயிற்படிக்கு வரும். எழுந்து நிற்பவனுக்கே அது பயன்படும்.

தோழர்களே! 1990இல் ஒன்றுபட்ட ஜெர்மனி, தேசிய நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சுவர் விழுந்த நாளைக் கொண்டாடலாமே என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அதே நாளிலே தொழுகைக் கூடங்கள் எரிந்தனவே! எரிந்த சாம்பல் மீது பட்டாசு கொளுத்துவதா? வேண்டாம் என்று, இணைப்பு நிறைவேறிய அக்டோபர் 3ஐத் தேசிய நாளாக்கினர். நவம்பர் ஒன்பதிலே அவர்கள் மகிழ்வதும் உண்டு. தலை குனிவதும் உண்டு. வென்ற நாளை மட்டும் நினைத்து, வெட்கிய நாளை மறைக்கும் நாடு வளராது. கட்சிக்கும் அது பொருந்தும்.

ஆகவே, நாளிலே ஒன்றுமில்லை. வலிவில்லாத சட்டம் புளூமைக் காக்கவில்லை. பிளவுபட்ட அணி குடியரசைக் காக்கவில்லை. பல்லிளித்த நீதி நாட்டைக் காக்கவில்லை. சாத்திய சன்னல் அண்டை வீட்டானைக் காக்கவில்லை. அஞ்சாது நடந்த கால்கள்தாம் கதவைத் திறந்தன. ஊருக்குத் திரும்பியதும் உங்கள் படிப்பகத்திலே இந்த ஐந்து கதைகளையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கேட்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் தெருவிலே, நம்மவரல்லாத ஒருவரின் வீட்டுக் கதவை இன்றிரவு எவனாவது உடைக்க வந்தால், நம் வீட்டிலே எது திறக்கும்? கதவா? சன்னலா? இரண்டும் சாத்தியே இருக்குமா?

விடையை மேடையிலே சொல்ல வேண்டாம். அந்த இரவிலே சொல்லுங்கள்.