இடையில் நின்றவர்கள்

2009 இல் இலங்கையில் போர் முடிந்த பின் தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து குடும்பங்கள் சிறிது சிறிதாக ஊர் திரும்பிக்கொண்டிருக்கின்றன. பெற்றோருக்கு இது விட்டுப்போன மண். மண்டபம் முகாமிலோ கும்மிடிப்பூண்டி முகாமிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது முன்பின் தெரியாத இடம். இப்படி வரும் இளையோருக்கென ஆங்கில வகுப்பு, கணினி வகுப்பு, தொழிற்பயிற்சி என்று உதவித்திட்டங்கள் நடப்பதுண்டு. அவை பயன் தருகின்றனவா என்று பார்க்கும் வேலையைக் களப்பயிற்சிக்கு வரும் பல்கலைக்கழக மாணவரிடம் கொடுப்பது நல்ல ஏற்பாடு என்பதே என் எண்ணம். ஒரு நிபந்தனை உண்டு. வகுப்பை விட்டு நின்றவர்களை அந்த மாணவர் முதலில் தேடிப் போக வேண்டும்.

வருகைப் பதிவேட்டில் வந்தவர்களின் கதை மட்டுமே இருக்கும். ஒரு பிள்ளை நின்றுவிட்டதற்கான காரணம் பெரும்பாலும் வகுப்புக்கு வெளியே கிடக்கிறது. இந்தியாவில் பிறந்த பிள்ளையை 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி பதிய வேண்டும். அது இழுபட்டால் தேசிய அடையாள அட்டை இழுபடும். அட்டை இல்லாதவருக்குப் பரீட்சையும் சிக்கல், வேலையும் சிக்கல். எங்கள் பல்கலைக்கழக அனுமதியோ உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியையும் மாவட்டத்தையும் வைத்து நடப்பது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் திறமாகச் சித்தியடைந்தவருக்கும் அந்த வழமையான வரிசையில் இடமில்லை. அரச வேலை கிடைத்தாலும், அங்கே படித்திராத சிங்களத்தில் தேர்ச்சி கேட்கப்படும். இவற்றில் ஒன்றையும் கணினி வகுப்புத் தீர்க்காது. அறிக்கையில் மட்டும் அந்த வகுப்பு வெற்றி என்றே பதிவாகும். ஒப்பிட்டுப் பார்த்தால், ரொறன்ரோவில் புதிதாக வரும் குடும்பங்களுக்கென்று பாடசாலைகளிலேயே குடியேற்ற உதவியாளர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்துக்கு வரும் பிள்ளை கிராம அலுவலர், பிரதேச செயலகம், பாடசாலை என்று தானே அலைய வேண்டியிருக்கிறது.

அனுபவமில்லாத மாணவருக்குச் சில வாரங்களில் என்ன விளங்கிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு திட்டத்தின் நீண்டகாலப் பயனை அத்தனை குறுகிய காலத்தில் எவராலும் அளக்க முடியாது. ஆனால் உடுவில், மல்லாகம் பக்கம் வீடு தேடிப் போய், "ஏன் நின்றீர்கள்?" என்று கேட்கப் பொறுமையும் ஒரு சைக்கிளும் போதும். மாணவரின் பிழைப்பு அந்தத் திட்டத்தில் தங்கியிருப்பதும் இல்லை. கசப்பான விடையையும் அவர் எழுதலாம். அவருக்குப் புள்ளி போடுபவர் திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் என்றால் அந்தச் சுதந்திரமும் போய்விடும். ஆகவே புள்ளி பல்கலைக்கழகத்தின் கையிலேயே இருக்கட்டும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: முகாமில் காலமெல்லாம் விபரம் கொடுத்துக் களைத்தவர்களை மறுபடியும் விசாரிப்பதா? விரும்பாதவரை விட்டுவிட வேண்டும். விரும்பிச் சொன்னவரின் பெயர் வெளியே வரக்கூடாது. அவர் சொன்ன தடை மட்டும் தாமதமின்றிப் பிரதேச செயலகத்தின் மேசைக்குப் போக வேண்டும். அப்படிப் போகாதென்றால் கேட்காமல் விடுவதே மேல்.

திட்டம் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை களப்பயிற்சி மாணவர் வந்தால், வருகைப் பதிவேட்டோடு, இடையில் நின்றவர்களில் பேசச் சம்மதிப்போரின் விபரத்தையும் கொடுத்து அனுப்புங்கள்.