ஆடு நம்முடையது, புல் யாருடையது?

(அம்பேத்கர் படிப்பு வட்ட இளைஞர்கள் ஒருங்கிணைத்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலனியில் இருபது குடும்பங்களுக்குத் தலா இரண்டு ஆடு வாங்கிக் கொடுப்பது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். சென்னையிலும் ஓசூரிலும் வேலை பார்க்கிற தோழர்கள் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது. என்னை வாழ்த்திப் பேசத்தான் கூப்பிட்டீர்கள். மனதார வாழ்த்துகிறேன். ஆனால் வாழ்த்தோடு இறங்கிப் போய்விட்டால் அது நேர்மையாக இருக்காது. ஏனென்றால், இலவசமாக ஆடு வந்த வீட்டில் இருந்து வந்தவன் நான். ஆடு வந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

2011 செப்டம்பரில் அன்றைய அதிமுக அரசு விலையில்லா கறவை மாடுகள், ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 60,000 குடும்பங்களுக்குத் தலா ஒரு கறவை மாடு, 7 லட்சம் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகள் என்பது இலக்கு. அடுத்த வருடம் எங்கள் காலனியில் சில வீடுகளுக்கு ஆடு கிடைத்தது. எங்கள் அம்மாவுக்கும் கிடைத்தது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குப் போனால் அம்மா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அதுவரை எங்கள் வீட்டில் சொந்தமாக ஒரு ஆடு இருந்ததில்லை. ஊர்த்தெருக்காரர் ஆட்டை வாரத்துக்கு வளர்த்திருக்கிறோம். மேய்ப்பது நாங்கள், குட்டியில் பாதி அவர்களுக்கு. முதன்முறையாகக் குட்டி முழுவதும் எங்களுக்கு.

நான்கில் ஒன்று அந்த மழைக்காலத்திலேயே கழிச்சல் கண்டு செத்துப்போனது. அதைக்கூட அம்மா தாங்கிக்கொண்டார். பெரிய அடி வேறு பக்கமிருந்து வந்தது. ஒருநாள் ஒரு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கிவிட்டது. கொல்லைக்காரர் ஆட்டைப் பிடித்துத் தன் வீட்டில் கட்டிவிட்டார். அபராதம் கட்டப் பணமில்லை. அம்மா மூன்று நாள் அவர் கொல்லையில் கூலியில்லாமல் களையெடுத்து ஆட்டை மீட்டார்.

அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் காலனிப் பெண்கள் சேர்ந்து களையெடுப்புக் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். அம்மாவும் அதில் இருந்தார். அதே கொல்லைக்காரர் எல்லார் முன்னாலும் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "கூலி கேக்கிற வாயி, நாளைக்கு ஆட்ட எந்த வரப்புல மேய்க்கிறேன்னு பாக்கறேன்." அம்மா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. ஆடு வைத்திருந்த மற்ற பெண்களும் திறக்கவில்லை. ஆடு இல்லாத பெண்கள்தான் கடைசிவரை நின்று கேட்டார்கள்.

தோழர்களே, இந்த ஒரு காட்சியைத்தான் நான் உங்களிடம் கொண்டுவந்து வைக்க வந்தேன். எங்களை நிமிர்த்துவதற்காகக் கொடுத்த ஆடு, எங்கள் அம்மாவின் கழுத்துக்கே கயிறாகிவிட்டது. ஆடு எங்களுடையது. புல் அவர்களுடையது.

தானம் என்ற சொல்லை நாம் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள். பார்ப்பனருக்குக் கோதானம் கொடுத்தால் புண்ணியம் என்று சொல்லிவந்த சமூகம் இது. இன்னொரு பழைய செய்தியும் உண்டு. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடர் வரும். சாகாத, மூப்படையாத ஆடு என்று பொருள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய வேண்டுமென்று அரசனோ அதிகாரியோ வணிகனோ ஆடுகளைக் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 96 ஆடு. அந்த ஆடுகள் மன்றாடி என்று சொல்லப்பட்ட ஆயர்களிடம் ஒப்படைக்கப்படும். அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும்.

நிஜத்தில் எந்த ஆடு சாகாமல் இருக்கும்? நோயில் சாகும், மூப்பில் சாகும். ஆனால் கணக்கில் சாகாது. செத்த ஆட்டின் இடத்தில் புது ஆட்டைச் சேர்த்து மந்தை குறையாமல் பார்த்துக்கொள்வது மேய்ப்பவர் பொறுப்பு. கொடுத்தவர் பெயர் கல்லில் நின்றுவிட்டது. சாவு மேய்த்தவர் தலையில் விழுந்தது. இன்று தொண்டு நிறுவனங்கள் ஆடு கொடுக்கும்போது ஒரு படம் எடுக்கிறார்கள் அல்லவா, கொடுப்பவர் சிரிக்க, வாங்கும் அம்மா கும்பிட, நடுவில் ஆடு மிரண்டு நிற்க? அந்தப் படத்திலும் ஆடு சாவதில்லை. படம் எடுத்தவர்கள் மழைக்காலம் முடிந்து திரும்பி வந்து எண்ணிப் பார்த்தால்தானே தெரியும்.

அப்படியானால் கால்நடை கொடுப்பதே தவறா? இல்லை. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002 முதல் மிக வறிய பெண்களுக்கு மாடு, ஆடு கொடுத்துவருகிறது. கூடவே பயிற்சி, சில காலத்துக்கு உதவித்தொகை, மருத்துவம், வாராவாரம் வந்து பார்க்கும் ஒரு பணியாளர். இதே முறையை இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் சோதித்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. உதவி நின்று ஒரு வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்கள் முன்னேறிய நிலையிலேயே இருந்தன என்று அது காட்டியது. வங்கதேசக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வு 2022இல் வெளியானது. கையில் ஏற்கனவே கொஞ்சம் உடைமை இருந்து, மாடும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டிய குடும்பங்கள் மேலே ஏறின. வரம்புக்குக் கீழேயே நின்றவர்கள் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே சரிந்தார்கள். மாடு ஒன்றுதான், விளைவு இரண்டு.

நம் ஊரில் அந்த வரம்பு காசால் மட்டும் ஆனதல்ல, சாதியாலும் ஆனது. ஒரு கணக்குப் போடுங்கள். வளர்ந்த வெள்ளாட்டுக்கு நாளைக்கு மூன்று, நான்கு கிலோ பசுந்தீவனம் வேண்டும். நாற்பது ஆட்டுக்கு 120 கிலோவுக்கு மேல். காலனியில் ஆளுக்கு ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட் மனை. அதில் வீடு போக ஆடு கட்டவே இடமில்லை. 120 கிலோ தழை எங்கிருந்து வரும்? வரப்பிலிருந்து, ஏரிக்கரையிலிருந்து, தோப்பிலிருந்து. அதாவது, யாரிடம் நம் பெண்கள் கூலிக்குப் போகிறார்களோ அவர்களின் நிலத்திலிருந்து.

ஊர்த்தெருவிலும் ஏழைகள் இருக்கிறார்களே, அவர்கள் ஆடும் அடுத்தவன் வரப்பில்தானே மேய்கிறது என்று சிலர் கேட்பார்கள். மேய்கிறது. ஆனால் அந்த ஆடு கொல்லையில் இறங்கினால் நாலு வார்த்தைத் திட்டோடு முடிந்துவிடும், உறவுமுறை சொல்லிச் சமாதானமும் ஆகிவிடும். நம் ஆடு இறங்கினால் கட்டிப்போடுவார்கள், அபராதம் போடுவார்கள், காலனியையே இழுத்துப் பேசுவார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு தெருவுக்கு இரண்டு தண்டனை.

மாட்டுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். பாலை விற்க வேண்டுமே. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் தீண்டாமை பற்றி நூல் வெளியிட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலித்துகள் பால் ஊற்ற முடியாத நிலை ஏறத்தாழ 47 விழுக்காடு கிராமங்களில் இருந்ததை அது பதிவு செய்தது. மாடு சேரிக்கு வந்துவிட்டால் அதன் பாலும் தீட்டாகிவிடுகிறது. மாடு கொடுத்தவர்கள் இதைக் கணக்கில் எடுத்தார்களா?

ஆக, கேள்வி திரும்பத் திரும்ப நிலத்துக்கே வருகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் நமக்கென்று 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை மீட்கக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, அங்கே எழுந்த முழக்கம் என்ன? மாட்டு வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்பதுதான்.

இதில் நாம் கற்க வேண்டிய இடம் பஞ்சாப். அங்கே பஞ்சாயத்துக்குச் சொந்தமான சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நடைமுறையில் ஜாட் நிலவுடைமையாளர்கள் தலித் ஒருவரைப் பெயருக்கு முன்னால் நிறுத்தி ஏலம் எடுத்துக்கொள்வார்கள். 2014 முதல் சங்ரூர் மாவட்டத்தில் நில உரிமைப் போராட்டக் குழுவினர் இதை எதிர்த்து நின்றார்கள். பலத் கலான் கிராமத்தில் தடியடி வாங்கினார்கள். நிலம் கைக்கு வந்த ஊர்களில் கூட்டாகப் பயிர் செய்தார்கள். அந்தப் போராட்டத்தில் பெண்கள் முன்னால் நின்றதற்கு முக்கியக் காரணம் தீவனம். ஜாட்டுகளின் வயலில் புல் அறுக்கப் போகும்போது கேட்ட வசைகளும் பட்ட சீண்டல்களும் அவர்களுக்குத்தான் தெரியும். சொந்தமாக அறுக்க ஒரு துண்டு நிலம் இருந்தால் அந்த வயலில் கால் வைக்க வேண்டாம். கால்நடைப் பிரச்சினை என்று நாம் நினைப்பது அங்கே மானப் பிரச்சினையாக இருந்தது. எங்கள் அம்மாவுக்கும் அதுதான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஆடு வாங்குவதை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. நான்கு வேலைகளைச் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன்.

முதலாவது, ஆடு வாங்கும் முன் ஊரின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு என்று எத்தனை ஏக்கர் பதிவாகியிருக்கிறது, எந்தப் புல எண், இன்று அதில் யார் பயிர் வைத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி முதலில் நம் குடிசைகளைத்தான் இடிக்க வருவார்கள். அதனால் நாம் முந்திக்கொண்டு மனுவோடு போக வேண்டும்.

இரண்டாவது, பொது நிலத்தையும் நீர்நிலையையும் மற்றவர்களைப் போல நாம் பயன்படுத்தவிடாமல் தடுப்பது, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி வன்கொடுமைச் சட்டத்தில் குற்றம். ஏரி உள்வாயில் மேய்க்கக்கூடாது என்று நம்மை மட்டும் விரட்டினால் அது வாய்த்தகராறு கிடையாது, வழக்கு. ஆடு வாங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சாவை ஒரு வீட்டின் தலையில் கட்டாதீர்கள். இருபது பெண்களையும் ஒரு சங்கமாக்குங்கள். சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை ஆடு வாங்காமல் எடுத்து வையுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்கு முன்னால் துள்ளுமாரி நோய்க்கும் தடுப்பூசி, குடற்புழு மருந்து, காப்பீடு எல்லாவற்றையும் சங்கமே பார்க்கட்டும். ஒரு வீட்டில் ஆடு செத்தால் அடுத்த ஈற்றில் சங்கம் ஒரு குட்டி கொடுக்கட்டும். ஒரு ஆடு கொல்லையில் இறங்கிவிட்டால் பேசப் போவதும் இருபது பேராகப் போகட்டும். எங்கள் அம்மா அன்று தனியாகப் போனார்.

நான்காவது, முதல் பெட்டைக் குட்டியை ஆடு கிடைக்காத வீட்டுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். அமெரிக்காவில் 1944இல் தொடங்கிய ஹெய்ஃபர் அமைப்பு இதைத்தான் விதியாக வைத்திருக்கிறது. வாரத்தில் குட்டி மேலே, ஊர்த்தெருவுக்குப் போகும். இந்த முறையில் குட்டி பக்கத்து வீட்டுக்குப் போகும். வாங்கியவரே கொடுப்பவராக மாறிவிட்டால், யாரும் யாரையும் கும்பிட வேண்டியதில்லை. அப்படியே இன்னொன்று: தயவுசெய்து படம் எடுக்காதீர்கள்.

முடிக்கிறேன். மிஞ்சிய மூன்று ஆடுகளையும் குட்டிகளையும் அம்மா பிறகு விற்றுவிட்டார். அந்தப் பணத்தில்தான் நான் முதுகலை சேர்ந்தேன். அதனால் ஆட்டுக்கு நன்றிகெட்டவனாக நான் பேச முடியாது. ஏன் விற்றாய், ஓட்டத் தெரிந்தவர்தானே நீ என்று அப்போது கேட்டேன். அம்மா சொன்னார்: "ஆடு ஓட்டத் தெரியாம இல்லடா. ஓட்டிட்டுப் போக எடம்தான் இல்ல."

தோழர்களே, ஆடு வாங்கச் சந்தைக்குப் போகும் முன் அந்த இடத்தைத் தேடிப் போவோம். ஜெய்பீம்.